மேரு ரோட்டுக் காய்ச்சல்

மேரு ரோடு, கிள்ளான்
14 நவம்பர் 1943

ரமணியின் அப்பாவுக்கு, சீதாலெட்சுமி வணங்கி எழுதுவது.

நானும் குழந்தையும் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதக்கூட பயமாக இருக்கிறது. செப்டம்பரில் தபாலில் போட்ட அட்டை வந்து சேர்ந்ததா? அதில் நான்கு வரிக்கு மேல் எழுதக்கூடாதாம். எழுதியதையும் யாரோ வாசித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்களாம். இந்தக் கடிதம் அப்படி இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருக்கிற அகமது அண்ணன் இதைக் கையில் கொண்டு போகிறார். இஞ்சினில் விறகு போடும் வேலை. வடக்கே எல்லை வரைக்கும் போய், சயாமுக்குள் போகிற வேறொரு ரயில்காரரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அதனால் மனதில் இருப்பதை எழுதுகிறேன்.

மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று சொல்லித்தானே சயாமில் ரயில் பாதை போடும் இடத்துக்கு உங்களை ரயில் ஏற்றினார்கள். நான்கு மாதம் முடிந்துவிட்டது. அங்கே கூலி ஆட்களுக்கு வைத்தியம் பார்க்க டிரஸர் தேவை என்றால் உங்கள் ஒருவரோடு விட்டிருக்கலாம். வாய்க்காலுக்குக் கொசு எண்ணெய் தெளிக்கிற ஆட்களையும் அள்ளிக்கொண்டு போனதால் இங்கே என்ன ஆகியிருக்கிறது என்று வந்து பார்த்தால் தெரியும். இருபத்திரண்டு பேரை வைத்து வேலை வாங்கின மண்டோர் தம்புசாமியிடம் இப்போது ஆறு பேர். தெளிக்க எண்ணெயும் இல்லை. ஆபீஸில் போய்க் கேட்டால், எண்ணெய் எல்லாம் யுத்தத்துக்கு, மண்வெட்டி இருக்கிறதே என்கிறார்களாம். நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கிற பெரிய வாய்க்கால் புல் மூடிக் கிடக்கிறது. தண்ணீர் நகரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கே கொசு கூட்டமாக வந்துவிடுகிறது.

காய்ச்சல் தீபாவளிக்கு முந்தின வாரம் ஆரம்பித்தது. முதலில் கடைசி வீட்டில் ஒருவர், பிறகு நடுவில் இரண்டு பேர். இப்போது வீட்டுக்கு ஒருவராவது படுத்திருக்கிறார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பல் கிட்டிக்கொண்டு நடுங்குகிறார்கள். மூன்று மணிக்கு வேர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு கேட்கிறார்கள். மறுநாள் ஒன்றுமில்லாததுபோல் நடக்கிறார்கள். அதற்கு அடுத்த நாள் திரும்பவும் அதே மணிக்கு. நீங்கள் சொல்லிக் கேட்டதுதான், கண்ணால் பார்ப்பது வேறாக இருக்கிறது.

மண்டோர் தம்புசாமியை நீங்கள் முரடர் என்பீர்கள். அந்த முரட்டுத்தனம் இப்போது எங்களுக்கு உதவுகிறது. ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்களை எல்லாம் குழாயடியில் கூட்டினார். ஆபீஸ் எதுவும் செய்யாது, நாமே செய்ய வேண்டும் என்றார். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்க வேண்டும். தண்ணீர்ப் பானைகளைத் துணி போட்டுக் கட்ட வேண்டும். உடைந்த சட்டி, தேங்காய்ச் சிரட்டை எதுவும் மழையில் மல்லாந்து கிடக்கக்கூடாது. காய்ச்சல்காரரைக் கொசுவலைக்குள் படுக்க வைக்க வேண்டும், வலை இல்லாதவர்கள் இருக்கிறவர் வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பெண்பிள்ளைகளும் இறங்கணுமா என்று ஒருவர் கேட்டார். கொசு ஆம்பளை பொம்பளை பார்த்துக் கடிக்குதா என்று மண்டோர் திருப்பிக் கேட்டார். நானும் இறங்கினேன். முழங்கால் வரை சேறு. என் கையில் கொப்புளம் வந்து உடைந்து இப்போது காய்ந்துவிட்டது.

சிரட்டைகளைப் பொறுக்கிக் கவிழ்க்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டார். பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்காவின் மகள் மாரியாயிதான் அவர்களுக்குத் தலைவி. ஏழு வயது. யார் வீட்டுப் பின்புறமும் கேட்காமல் நுழைந்து, பூந்தொட்டித் தட்டைக்கூடக் கவிழ்த்துவிட்டு வருகிறாள். மண்டோரிடம் போய்க் கணக்கு ஒப்புவிக்கிறாள். அவள் அப்பா இராமலிங்கம் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறாரா? ஒரே பெட்டியில்தானே ஏறினீர்கள். மகளைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.

நீங்கள் புறப்பட்ட காலையில் சொன்னதை மறக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் ஓடின வாரம் டிஸ்பென்சரியைக் கொள்ளையடிக்க வருகிறார்கள் என்று நீங்கள் எடுத்து வந்து பிஸ்கட் டின்னில் அடைத்த கொயினாக் காய்ச்சல் மாத்திரை, அடுப்புக்குப் பின்னால் நீங்கள் புதைத்த இடத்திலேயே இருக்கிறது. உனக்கும் குழந்தைக்கும் மட்டும், வேறு யாருக்கும் வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் போலீஸ் வரும் என்றீர்கள். ஆகஸ்டில் ரமணிக்குக் காய்ச்சல் வந்தபோது அரை அரையாகக் கொடுத்து ஏழாம் நாள் எழுப்பினேன். அதன் பிறகு டின்னைத் தொடவில்லை.

சும்மா ஒன்று கேட்கிறேன். ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு எத்தனை?

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. உங்களிடமிருந்து ஒரு வரி வந்தால் போதும்.

இப்படிக்கு,
சீதாலெட்சுமி


மேரு ரோடு, கிள்ளான்
9 ஜனவரி 1944

ரமணியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் டிசம்பர் பதினெட்டாம் தேதி கிடைத்தது. அகமது அண்ணன் ரயில் நின்றதும் நேரே இங்கே வந்து கொடுத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அந்தக் காகிதத்தில் உங்கள் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து ஓடுகிறது. உங்களுக்கும் காய்ச்சலா? இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இராமலிங்கம் தெம்பாக இருக்கிறார், உங்களுக்குத் தண்ணீர் சுமந்து தருகிறார் என்று எழுதியதை நல்லம்மாள் அக்காவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதியிருந்தீர்கள். ஏழு வயதுக்கு ஒரு மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின். அதற்குக் கீழே, யோசிக்காமல் யாருக்கும் கொடுத்துவிடாதே, ரமணிக்கு மறுபடி வந்தால் என்ன செய்வாய் என்றும் எழுதியிருந்தீர்கள்.

அந்தக் கடிதம் வருவதற்கு ஒன்பது நாள் முன்பே மாரியாயி போய்விட்டாள்.

மூன்று நாள்தான். முதல் நாள் எல்லோருக்கும் வருவதுபோல் நடுக்கம். இரண்டாம் நாள் நல்லம்மாள் அக்காவும் மண்டோரும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். அங்கே இருந்த டாக்டர் நல்லவர்தானாம், அலமாரியைத் திறந்து காட்டினாராம், காலி. கசப்பாக ஒரு தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் காலையில் ஜன்னி கண்டது. யாரையும் அடையாளம் தெரியவில்லை. சிரட்டை, சிரட்டை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பத்து மணிக்கு முடிந்துவிட்டது.

இராமலிங்கத்திடம் இப்போது சொல்லாதீர்கள். எப்படிச் சொல்வது என்று நல்லம்மாள் அக்காவிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

அதற்கப்புறம் நான் செய்ததை நீங்கள் கோபப்படாமல் கேட்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் டின்னைத் தோண்டி எடுத்தேன். மேலே மரவள்ளி இலையைப் பரப்பி, கூடையில் வைத்து, ரமணியைக் கையில் பிடித்துக்கொண்டு கிஃபாயத்துல்லா பாய் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். ரோட்டு முக்கில் இருக்கிற கடை, நீங்கள் வேலை முடிந்து டீ குடிக்கிற இடம். இப்போது அங்கே டீயும் இல்லை, பரோட்டாவும் இல்லை. மரவள்ளி மாவில் ஏதோ தட்டிப் போடுகிறார். காய்ச்சல் வந்த நாளிலிருந்து அவரும் அவர் மனைவி காத்தூன் பீவியும் மத்தியானத்தில் ஓர் அண்டாக் கஞ்சி காய்ச்சிப் படுத்திருக்கிறவர் வீடுகளுக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள். அரிசி அரைப்படி, மீதி கீரையும் கிழங்கும். அந்தக் கஞ்சி நடக்கிற இடத்தில்தான் மருந்தும் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. லயத்தில் வைத்துக் கொடுத்தால் அரிசிக் கார்டு எழுதுகிற கிராணி கண்ணில் படும். அவன் போலீஸோடு பேசுகிறவன் என்று எல்லோருக்கும் தெரியும்.

பாய் டின்னைத் திறந்து பார்த்தார். ஏது என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடினார். "இது என் கடையில ரொம்ப நாளா கிடக்கு. உனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்றார். மண்டோரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். முந்நூற்றுச் சொச்சம் மாத்திரை, படுத்திருப்பவர்கள் அறுபது பேருக்கு மேல். எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தால் யாருக்கும் பயன் இல்லை என்று நீங்கள் சொல்வதைத்தான் சொன்னேன். மண்டோர் முதலில் ஒப்பவில்லை. பிறகு அவரே முடிவு செய்தார்: பிள்ளைகள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள், ஜன்னி காண்கிறவர்கள். மற்றவர்களுக்கு நிலவேம்புக் கஷாயமும் கஞ்சியும். அவருடைய தம்பியே காய்ச்சலில் கிடந்தான். அவனுக்குக் கிடையாது என்று அவர் வாயாலேயே சொன்னார்.

கஞ்சியோடு கலந்து கொடுக்கிறோம், எதிரில் நின்று விழுங்க வைக்கிறோம். கையில் கொடுத்தால் விற்றுவிடுகிற காலமாக இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களின் நாக்கையும் கண்ணையும் பார்த்து, வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிறேன். உங்கள் பக்கத்தில் நின்று பார்த்ததில் கொஞ்சம் தெரிகிறது. தெரியாததற்கு உங்கள் பழைய நோட்டுப் புத்தகம் இருக்கிறது.

ரமணிக்கென்று இருபது மாத்திரையைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். நேற்று அதையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

நீங்கள் சொன்னதை மீறினேன். அதற்கு மன்னிப்புக் கேட்க இப்போது மனம் வரவில்லை. வேறு ஒன்றுக்குத்தான் கேட்க வேண்டும். அதை அடுத்த முறை எழுதுகிறேன்.

சீதாலெட்சுமி


மேரு ரோடு, கிள்ளான்
26 மார்ச் 1944

ரமணியின் அப்பாவுக்கு, சீதாலெட்சுமி வணங்கி எழுதுவது.

மூன்று மாதமாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. அகமது அண்ணனைக் கேட்டால், அந்தப் பக்கத்து ஆளைப் பார்த்தே மூன்று நடை ஆயிற்று என்கிறார். இந்தக் கடிதத்தை எப்படியாவது சேர்த்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறார். ரயில் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போகிறேன். நீங்கள் வருகிறதென்றால் நடந்துதான் வருவீர்கள், ரயில் சத்தத்துக்கு நான் ஓடுவதில் என்ன இருக்கிறது. ஆனாலும் ஓடுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. காய்ச்சல் இறங்கிவிட்டது. இந்த மாதம் புதிதாக நான்கு பேருக்குத்தான் வந்தது. வாய்க்கால் ரோட்டு மதகு வரைக்கும் திறந்துவிட்டது, தண்ணீர் ஓடுகிறது. அகமது அண்ணன் தமது ஷெட்டில் வீணாகப் போகிற கறுப்பு எண்ணெயை டின்களில் பிடித்து, ஒவ்வொரு முறை வரும்போதும் கொண்டு வந்து தருகிறார். மரத்தூளைச் சாக்குத் துண்டில் கட்டி, அதை அந்த எண்ணெயில் ஊறப்போட்டு, வாய்க்காலில் கல் கட்டி இறக்குகிறோம். எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தண்ணீர் மேல் படர்கிறது. மண்டோருக்குத் தெரிந்த பழைய வித்தை. பெண்கள்தான் மூட்டை கட்டுகிறோம். கையில் ஏறின கறுப்பு சோப்பு இல்லாததால் போகவே மாட்டேன் என்கிறது. மண்டோரின் தம்பி பிழைத்துக்கொண்டான். லயத்தில் மொத்தம் ஐந்து பேர் போனார்கள். பக்கத்துத் தோட்டத்தில் முப்பதுக்கு மேல் என்கிறார்கள். ரமணிக்கு ஒன்றும் இல்லை. ஒரு பல் விழுந்திருக்கிறது.

இப்போது மற்றது.

பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம், கஞ்சிக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே போலீஸ் வந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. டின்னில் முப்பது, நாற்பது மாத்திரைதான் மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்கள். நான் அண்டாவுக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றேன். யாருடைய மருந்து என்று கேட்டார்கள். பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. யுத்தத்துக்கு முன்னால் கடைக்கு வாங்கி வைத்தது, என்னுடையது என்றார். சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ள நேரம் கேட்டார், கொடுக்கவில்லை. பனியனோடு லோரியில் ஏற்றினார்கள்.

அவருடையது இல்லை, என்னுடையது என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. குழந்தையை நினைத்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். காத்தூன் பீவி என் கையிலிருந்து அகப்பையை வாங்கி, நின்றவர்களுக்குக் கஞ்சியை ஊற்றி முடித்துவிட்டுத்தான் உள்ளே போய் அழுதார்.

ஒன்பது நாள் கழித்து விட்டார்கள். நடக்கும்போது இடது காலை இழுக்கிறார். விழுந்துவிட்டேன் என்கிறார். வேறு எதையும் சொல்ல மாட்டார். நான் காலில் விழப்போனேன். தள்ளி நின்றுகொண்டு, "மருந்தைத்தானே எடுத்துட்டுப் போனான், அண்டா இங்கதான இருக்கு" என்றார். மறுநாள் கஞ்சி நடந்தது.

பாய் உள்ளே இருந்த அந்த நாட்களில்தான் நல்லம்மாள் அக்கா என் வீட்டுக்கு வந்தார். காலையில் எட்டு மணி இருக்கும். நான் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் உட்காரவில்லை, வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாய்க்குக் கொயினா ஏது சீதா? அவர் கடையில நான் பத்து வருஷமா உளுந்து ஆட்டிக் குடுத்தேன். எனக்குத் தெரியாத டப்பா அங்க இல்ல."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"உன் வீட்டுக்காரர்தான டிரஸர்."

ஆமாம் என்றேன்.

"எப்ப இருந்து இருந்துச்சு?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. அகமது அண்ணன் கொண்டு வந்தார், மாரியாயி போன பிறகுதான் வந்தது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். ரொம்ப நாளாக இருந்தது, உங்கள் பிள்ளை படுத்திருந்தபோதும் இருந்தது என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் சொன்னேன். உங்களிடமும் இதுவரை சொல்லாதது இதுதான். அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் தண்ணீரோடு திரும்பின அன்று மத்தியானம் நான் டின்னைத் தோண்டினேன். நான்கு மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் வாசல் வரை போனேன். அரிசிக் கார்டு கிராணி அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அவன் கால் மணி நேரத்தில் எழுந்து போனான். என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். போய்விட்டான் என்று தெரிந்தும் நான் மறுபடி போகவில்லை. ரமணி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றி சுடுவதுபோல் இருந்தது. சுடவில்லை. போகாமல் இருக்க எனக்கு அது சுட வேண்டியிருந்தது. முந்தானையில் இருந்ததை அவிழ்த்து மறுபடி டின்னில் போட்டேன். பத்து அடி தூரம்தான், உங்களுக்குத் தெரியும்.

நல்லம்மாள் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் நிலைக்கட்டையில் தாம் பிடித்த இடத்தைத் துடைத்தார், ஏன் என்று தெரியவில்லை. பிறகு போய்விட்டார்.

அன்று மத்தியானம் பாய் கடைக்குப் போனபோது எனக்கு முன்னால் அங்கே இருந்தார். காத்தூன் பீவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து தினமும் வருகிறார். வாய்க்காலில் என் பக்கத்திலேயே நின்று சேறு வாரி எறிகிறார். மூட்டைக்குக் கயிறு வேண்டுமென்றால் கேட்கிறார், கொடுக்கிறேன். ரமணிக்குத் தலை பின்னிவிடுகிறார். ஆனால் என் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை. நான் கொடுத்தால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. இது எவ்வளவு நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

நேற்று முன்தினம் அவரே கூப்பிட்டார். இராமலிங்கத்துக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார். அவருக்கு எழுதத் தெரியாது, லயத்தில் மண்டோருக்குப் பெயர் மட்டும்தான் எழுத வரும். வேறு யாரிடம் போவார்? குழாயடிக் கல்லில் உட்கார்ந்தோம். நான் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். தான் நன்றாக இருப்பதாகவும், கூரையில் ஒழுகின இடத்தை மண்டோர் அடைத்துக் கொடுத்ததாகவும், கோழி இரண்டு இருப்பதாகவும் சொல்லி எழுதச் சொன்னார். எழுதினேன். பிறகு குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழுது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு. மூணு நாள் இருந்தா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். மருந்து கிடைக்கல."

என் கை நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா" என்றேன்.

"மருந்து எங்கயும் கிடைக்கலன்னு எழுது சீதா. அந்த மனுஷன் அங்க உன் புருஷனோட ஒரே குடிசையில கிடக்கிறான்."

அவர் சொன்னபடியே எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். அந்த இடம் வந்ததும் ஒரு தரம் தலையை ஆட்டினார். கடைசியில் விரலை மையில் தோய்த்து ஒற்றினார்.

அந்தக் கடிதத்தை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். இராமலிங்கத்துக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டும். வேலை நேரத்தில் வேண்டாம், அவர் சாப்பிட்ட பிறகு உட்கார வைத்து வாசியுங்கள். எழுதியிருக்கிறபடியே வாசியுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள். உங்கள் குரல் மாறினால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். பிறகு என்றைக்காவது அவரிடம் உள்ளதைச் சொல்ல வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றினால், உங்கள் பெயரைச் சேர்க்காதீர்கள். டின்னை வைத்துவிட்டுப் போனது நீங்கள். பத்து அடி நடக்காதது நான்.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இருக்கிறதோ என்று சில நேரம் தேடிப் பார்க்கிறேன். எங்களை நினைத்துச் சொன்னீர்கள், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே உங்கள் கையில் மருந்து எவ்வளவு இருக்கிறதோ எனக்குத் தெரியாது. இராமலிங்கத்துக்குக் காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம். முதல் நடுக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். உங்களுக்கென்று வைத்திருப்பது இருந்தால் அதிலிருந்து கொடுங்கள். அவர் வாங்க மறுத்தால் வாயைத் திறந்து போடுங்கள்.

மாரியம்மன் உங்கள் இருவர் தலைமாட்டிலும் நிற்கட்டும். கிஃபாயத்துல்லா பாயும் தொழும்போது உங்கள் இருவர் பெயரையும் சொல்கிறாராம். விட்டுவிட்டார்கள் என்றால் ஒரே ரயிலில் ஏறுங்கள், ஒரே நாளில் இந்த ரோட்டில் நடந்து வாருங்கள். நீங்கள் மட்டும் தனியாக வந்து நிற்கிற மாதிரி நேற்றும் கனவு கண்டேன். எழுந்து உட்கார்ந்து விடிகிறவரை தூங்கவில்லை.

வந்தால் இருவராக வாருங்கள்.

இப்படிக்கு,
சீதாலெட்சுமி